பங்கு தெரியாத செய்நிரல்கள்

16 கிகாபைட் நினைவகம் உள்ள ஒரு மடிக்கணினியில் லினக்ஸ் ஓடுகிறது. அதில் டொக்கர் என்ற கருவி மூலம் ஒரு கொன்டெய்னரை, அதாவது செய்நிரல்களைத் தனியாகப் பிரித்து ஓட்டும் ஒரு கூட்டை, தொடக்குங்கள். தொடக்கும்போதே 512 மெகாபைட்டுக்கு மேல் இதற்கு நினைவகம் கிடையாது என்று எல்லையும் போட்டுவிடுங்கள். பிறகு அந்தக் கொன்டெய்னருக்குள்ளே போய்ச் சில கேள்விகள் கேட்கலாம்.

ஓடிக்கொண்டிருப்பவை எவை என்று 'பிஎஸ்' கட்டளையால் கேட்டால், உள்ளே ஓடும் இரண்டு மூன்று செய்நிரல்கள்தான் வரும். வெளியே திறந்து கிடக்கும் உலாவியோ பாட்டு இசைக்கும் செயலியோ பட்டியலில் இராது. கணினியின் பெயரைக் கேட்டால் கொன்டெய்னருக்கே உரிய ஒரு பெயர் வரும். கோப்புகள் அதற்கே உரியவை. வலையமைப்பு முகவரியும் அப்படித்தான். கடைசியாக 'ஃப்ரீ' என்று தட்டி, நினைவகம் எவ்வளவு என்று கேளுங்கள். ஏறத்தாழ 16 கிகாபைட் என்று பதில் வரும்.

அந்தப் பதிலில் 512 என்ற எண் எங்கேயும் இல்லை. ஆனால் எல்லை உண்மையானது. அதை மீறப் பார்த்தால் லினக்ஸின் மையமான கெர்னல் விடாது. எல்லை இருக்கிறது, எல்லைக்குள் இருப்பவருக்கு அது தெரியவில்லை. இந்த இடைவெளியால் உலகெங்கும் எத்தனையோ சேவைகள் காரணம் புரியாமல் விழுந்தன, இன்றும் விழுகின்றன.

விழுவது எப்படி என்பதை ஜாவாவை வைத்துப் பார்ப்பது நல்லது. இலங்கையில் மென்பொருள் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் எப்போதாவது ஜாவா எழுதியிருப்பார்கள். கொழும்பில் 2005இல் சஞ்சீவ வீரவரண முதலானோர் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் முதன்மைப் பொருள்களே ஜாவாவில் கட்டப்பட்டவை. ஜாவா செய்நிரலைத் தாங்கி ஓட்டும் மெய்நிகர் இயந்திரம், எல்லையைப் படிக்கத் தெரியாத அதன் பழைய பதிப்புகளில், தொடங்கும்போதே கணினியில் நினைவகம் எவ்வளவு என்று கேட்கிறது. நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால் அதில் கால்வாசியைத் தன் குவியலுக்கு, அதாவது பொருள்களை அடுக்கி வைக்கும் 'ஹீப்' பகுதிக்கு, உச்ச அளவாக எடுத்துக்கொள்கிறது. நம் மடிக்கணினியில் அது 4 கிகாபைட். கொன்டெய்னருக்கு நாம் கொடுத்ததோ அதில் எட்டில் ஒரு பங்கு.

ஜாவா வேண்டாத பொருள்களைத் தானே பொறுக்கி அகற்றும். ஆனால் இடம் நெருக்கடியானால்தான் அது மும்முரமாகப் பொறுக்கும். 4 கிகாபைட் வரை போகலாம் என்று நம்பும் செய்நிரலுக்கு 300 மெகாபைட்டில் என்ன அவசரம்? 400ஐத் தாண்டும்போதும் அதற்குப் பதற்றமில்லை. குவியல் வளர்ந்துகொண்டே போகிறது. 512ஐத் தொட்டதும் கெர்னல் அந்தக் கொன்டெய்னரின் கணக்கில் எதையாவது விடுவிக்க முடியுமா என்று தேடுகிறது. வட்டிலிருந்து படித்து வைத்த கோப்புப் பக்கங்கள் இருந்தால் கைவிடும். வட்டில் ஒதுக்கி வைத்த ஸ்வொப் இடம் இருந்தால் அங்கே கொஞ்சம் தள்ளிப் பார்க்கும். அதற்கும் வழியில்லாவிட்டால், நினைவகம் தீரும்போது செய்நிரலைக் கொல்லும் ஓஓஎம் கில்லர் வந்து, தடுக்கவே முடியாத 9ஆம் எண் சமிக்ஞையை அனுப்புகிறது. செய்நிரல் அந்தக் கணமே இல்லாமல் போகிறது. ஜாவாவுக்குத் தன் பிழைச்செய்தியை எழுதவும் நேரம் கிடைக்காது. பதிவேட்டில் கடைசி வரி சாதாரண வரியாக நிற்கும். வெளியில் முதலில் கண்ணில் படுவது 137 என்ற முடிவுக்குறி. 128உடன் சமிக்ஞை எண் 9ஐக் கூட்டினால் வரும் எண் அது. அதைப் படிக்கத் தெரியாதவர் தன் செய்நிரலில்தான் பிழை என்று நாட்கணக்கில் தேடுவார்.

பெரிய நிறுவனங்களுக்கு இது எரிச்சல், அவ்வளவே. நினைவகத்தை இரட்டிப்பாக்கி அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் ஒரு குழுவுக்கு அது அப்படி இல்லை. வெளிநாட்டுச் சேவையகத்தின் வாடகை டொலரில் வரும். 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், சில மாதங்களில் 360 ரூபா வரை ஏறியது. வாடகை ஒரு சதம்கூடக் கூடாமலே ரூபாக் கணக்கில் முக்கால் மடங்குக்கு மேல் கூடிவிட்டது. அப்படியான காலத்தில் ஒவ்வொரு கொன்டெய்னரின் எல்லையையும் இறுக்கத்தான் தோன்றும். எல்லை இறுக இறுக, அதை அறியாத செய்நிரல் சாகும் வாய்ப்பும் கூடுகிறது.

இந்த எல்லையைப் போடும் வசதி லினக்ஸுக்குள் வந்த கதையில் நம் பக்கத்து நாட்டின் பங்கு பெரியது. 2006இல் கூகுளில் இருந்த போல் மெனேஜும் ரோஹித் சேத்தும், செய்நிரல்களைக் குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் வளத்தை அளந்து கொடுக்கும் வேலையைத் தொடங்கினார்கள். சி-குரூப் என்று பெயர் பெற்ற அந்த அமைப்பு 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 கெர்னலில் சேர்ந்தது. நினைவகத்தைக் கணக்கு வைக்கும் பகுதி அடுத்த பதிப்பான 2.6.25இல், அதே ஆண்டு ஏப்ரலில் வந்தது. அதை முன்னின்று எழுதியவர் ஐபிஎம் நிறுவனத்தின் இந்திய லினக்ஸ் தொழில்நுட்ப மையத்தில் இருந்த பல்பீர் சிங். லினக்ஸில் கொன்டெய்னர்களை ஓட்டும் ஓபன்விஸெட் திட்டத்தின் பாவெல் எமெல்யானோவும் அதில் உழைத்தார். பல்பீர் சிங்கும் அவருடன் பணியாற்றிய வைத்தியநாதன் சீனிவாசனும், நினைவகத்துக்குக் கணக்கு வைப்பதில் உள்ள சிக்கல்களைப் பற்றி 2007இல் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் ஒரு கட்டுரையே படைத்தார்கள்.

அவர்கள் தீர்க்கவேண்டியிருந்த சிக்கல் எளிதல்ல. ஒரு செய்நிரல் நினைவகம் கேட்டதும் கெர்னல் உடனே எடுத்துக் கொடுப்பதில்லை. சரி என்று தலையாட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறது. செய்நிரல் அந்த இடத்தை முதல் முறை தொடும்போதுதான் உண்மையான ஒரு பக்கம், பெரும்பாலான கணினிகளில் 4 கிலோபைட், ஒதுக்கப்படுகிறது. அந்தக் கணத்தில் அந்தப் பக்கத்தை யார் கணக்கில் எழுதுவது? தொட்டவரின் குழுவின் கணக்கில். ஒரே கோப்பை இரண்டு கொன்டெய்னர்கள் படித்தால் என்ன செய்வது? முதலில் படித்தவரின் கணக்கில் அது ஏறும், இரண்டாமவர் செலவில்லாமல் படித்துக்கொள்வார். பக்கம் பக்கமாக, நொடிக்கு இலட்சக்கணக்கான தடவை, இந்தக் கணக்கை வேகம் குறையாமல் எழுதவேண்டும். அதைச் செய்து முடித்தார்கள். எல்லையும் அந்த எல்லைக்கான காவலும் கெர்னலுக்குள் வந்தன. எல்லைக்குள் இருப்பவருக்கு எல்லையை அறிவிப்பது மட்டும் யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

யாழ் குடாநாட்டில் தோட்டக்காணி வாங்கியவர்களுக்கு உறுதியில் வரும் ஒரு வரி நன்றாகத் தெரியும். இத்தனை பரப்பு, கிழக்கு மேற்கு எல்லை இன்னார் காணி என்றெல்லாம் எழுதிய பிறகு, இன்ன கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் இத்தனையில் ஒரு பங்கு என்று எழுதியிருக்கும். கிணற்றை எட்டிப் பார்த்தால் தண்ணீர் முழுவதும் தெரியும், பங்கு தெரியாது. பங்கு உறுதியில்தான் இருக்கிறது. காணியைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு உறுதியையும் காட்டாமல், இறைப்பு முறையையும் சொல்லாமல், கிணற்றை மட்டும் காட்டிவிட்டு, பங்குக்கு மேல் இறைத்த அன்றே காணியை விட்டு எழுப்பினால் அதை யாரும் நியாயம் என்று சொல்லமாட்டார்கள். கொன்டெய்னருக்குள் இருக்கும் செய்நிரலுக்கு நடப்பது அதுதான். 'ஃப்ரீ' கட்டளை படிக்கும் 'மெம்இன்ஃபோ' என்ற கோப்பு கிணற்றைக் காட்டுகிறது. பங்கு எழுதிய கோப்பு சி-குரூப் அடைவுக்குள் வேறொரு மூலையில் கிடக்கிறது. அது அங்கே இருக்கிறது என்று அறிந்தவர்கள் மட்டுமே போய்ப் பார்ப்பார்கள். 2008க்கு முன் எழுதப்பட்ட செய்நிரல்களுக்கு அப்படியொரு மூலை இருப்பதே தெரிய வழியில்லை.

அப்படியானால் மெம்இன்ஃபோவையே மாற்றி, கொன்டெய்னருக்குள் கேட்டால் 512 என்று சொல்லவைக்கலாமே என்று எவருக்கும் தோன்றும். தன் சொந்தக் கெர்னலை வைத்திருந்த ஓபன்விஸெட் அப்படித்தான் செய்தது. ஆனால் லினக்ஸின் பொதுக் கெர்னல் அந்த வழியில் போகவில்லை. அதற்குக் காரணங்கள் இருந்தன, அவற்றை நான் மதிக்கிறேன்.

எல்லை என்பது ஒதுக்கீடு அல்ல. 16 கிகாபைட் கணினியில் தலா 1 கிகாபைட் எல்லை போட்டு 40 கொன்டெய்னர்களை ஓட்டத் தடையில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடமாட்டா என்ற நம்பிக்கையில் எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். அந்தக் கொன்டெய்னரிடம் 'உனக்கு இன்னும் 700 மெகாபைட் மிச்சம்' என்று மெம்இன்ஃபோ சொன்னால், அது வாக்குறுதி போல ஒலிக்கும். கணினியின் நினைவகம் அதற்கு முன்பே தீர்ந்துபோகலாம். நம் கிணறுகளும் இப்படித்தான். குடாநாட்டின் நன்னீர், சுண்ணாம்புக்கல்லுக்குள் உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு வில்லை. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி இறங்கினால் அடியிலிருந்து உவர் ஏறத்தாழ 40 அடி ஏறும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. ஒவ்வொருவரும் உறுதியில் உள்ள பங்குக்குள் நின்றே இறைத்தாலும், வலிகாமம் முழுதும் ஒரே கோடையில் பம்ப் பூட்டினால் கிணறுகள் உவர்த்துப் போகும். பங்கு எவ்வளவு என்பது ஒரு கேள்வி, இப்போது இறைக்கலாமா என்பது வேறொரு கேள்வி.

பயன்படுத்திய அளவும் நேர்மையான எண் அல்ல. கோப்புப் படிக்கும் கொன்டெய்னர் ஒன்றின் கணக்கில், படித்த பக்கங்கள் எல்லாம் ஏறிக்கொண்டே போகும். எல்லையைத் தொடும் அளவுக்கும் ஏறிவிடும். பார்ப்பவர் பயந்துபோவார். ஆனால் அந்தப் பக்கங்களில் பெரும்பாலானவை கேட்ட மாத்திரத்தில் கைவிடக்கூடியவை. எல்லையிலிருந்து பயன்பாட்டைக் கழித்தால் மிச்சம் என்ற பள்ளிக்கூடக் கணக்கு இங்கே செல்லாது. இன்னொன்றும் உண்டு. ஒரு கொன்டெய்னருக்குள் இருந்துகொண்டு முழுக் கணினியின் நிலையையும் கண்காணிக்கும் செய்நிரல்கள் இருக்கின்றன. மெம்இன்ஃபோவின் பொருளை ஒருநாள் மாற்றினால் அவை உடையும். ஏற்கெனவே ஓடும் செய்நிரலை உடைக்கக்கூடாது என்பதில் லினக்ஸ் சமூகம் மிகவும் கண்டிப்பானது.

கெர்னல் செய்யாததை வெளியில் இருந்து செய்ய முயன்ற திட்டங்களில் எல்எக்ஸ்சிஎஃப்எஸ் முக்கியமானது. கனொனிக்கல் நிறுவனத்தின் செர்ஜ் ஹாலினும் ஸ்டெஃபான் கிராபரும் 2014 அளவில் இதைத் தொடங்கினார்கள். வேலை செய்யும் விதம் அழகானது. கொன்டெய்னருக்குள் மெம்இன்ஃபோ இருக்கும் இடத்தின் மேல் வேறொரு கோப்பைப் பொருத்திவிடுகிறார்கள். உள்ளிருந்து யாராவது அதைப் படித்தால், கெர்னல் அந்தக் கோரிக்கையை வெளியில் ஓடும் எல்எக்ஸ்சிஎஃப்எஸ் செய்நிரலிடம் அனுப்புகிறது. அது கேட்டவர் யார், எந்தக் குழு, அந்தக் குழுவின் எல்லை எவ்வளவு என்று பார்த்து, மெம்இன்ஃபோவின் வடிவத்திலேயே ஒரு புதிய பதிலை அப்போதே எழுதித் தருகிறது. 'ஃப்ரீ' இப்போது 512 என்று காட்டும். பழைய செய்நிரலில் ஒரு வரிகூட மாற்றவேண்டியதில்லை.

ஆனால் இடையில் ஒரு ஆள் நின்றால், அந்த ஆள் விழும்போது எல்லாம் விழும். எல்எக்ஸ்சிஎஃப்எஸ் எதனாலாவது நின்றுவிட்டால், அதை நம்பியிருந்த எல்லாக் கொன்டெய்னர்களுக்குள்ளும் அந்தக் கோப்பைப் படிக்கவே முடியாமல் போகும். கோப்பைத் திறக்காமல் 'சிஸ்இன்ஃபோ' என்ற அழைப்பின் மூலம் கெர்னலிடம் நேரடியாகக் கேட்கும் செய்நிரலுக்கும் இந்தப் பொருத்தல் தெரியாது. அதற்கு மறுபடியும் 16 கிகாபைட்தான் வரும். பிற்பாடு எல்எக்ஸ்டி என்ற கொன்டெய்னர் மேலாளர் அந்த அழைப்பையும் இடைமறித்துப் பதில் சொல்லும் வசதியைச் சேர்த்துக்கொண்டது. டொக்கரோ இவற்றில் எதையும் இயல்பாகச் சேர்ப்பதில்லை.

மற்றத் தரப்பு, செய்நிரல்தான் மாறவேண்டும் என்றது. ஜாவா மெதுவாக மாறியது. டொக்கர் வெளியாகி நான்கு ஆண்டுகள் கழித்து, 2017 ஏப்ரலில் வந்த ஜாவா 8இன் 131ஆம் புதுப்பிப்பில்தான் எல்லைக் கோப்பைப் படிக்கும் வசதி பரிசோதனையாக வந்தது. அதையும் நாமே கேட்டு இயக்கவேண்டும். 2018 மார்ச்சில் ஜாவா 10 அதை இயல்பாக்கியது. அதே ஆண்டு ஒக்டோபரில் ஜாவா 8இன் 191ஆம் புதுப்பிப்பும் அதைப் பெற்றது. இனிப் பிரச்சினை முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள்.

எல்லைக் கோப்பைப் படிப்பதிலும் பொறிகள் இருந்தன. சி-குரூப்பின் முதல் பதிப்பில் எல்லையே போடாத குழுவின் கோப்பைத் திறந்தால் 9223372036854771712 என்ற எண் இருக்கும். பைட் கணக்கில் அது 9 எக்சாபைட்டுக்கும் மேல். எல்லை இல்லை என்பதைச் சொல்ல, குறியுடைய 64 பிட் எண்ணில் அடங்கும் மிகப் பெரிய எண்ணைப் பக்க அளவுக்கு வெட்டி வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே நம்பிக் கால்வாசி எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கணினியின் உண்மையான நினைவகத்தோடு ஒப்பிட்டுச் சிறியதை எடுக்கவேண்டும். அது போதாது. குழுக்கள் மரம்போல் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்தவை. தன் குழுவின் எல்லை 2 கிகாபைட், தாய்க் குழுவின் எல்லை 1 கிகாபைட் என்றால் செல்லுபடியாவது தாயின் எல்லை. முதல் பதிப்பின் புள்ளிவிபரக் கோப்பில், மேலேயுள்ள எல்லாக் குழுக்களையும் கணக்கிட்டுச் செல்லுபடியாகும் எல்லையைத் தரும் ஒரு வரி இருந்தது. டெஜுன் ஹியோ முன்னின்று வடிவமைத்த இரண்டாம் பதிப்பு 2016இல் 4.5 கெர்னலோடு அதிகாரபூர்வமானபோது அந்த வரி கூட வரவில்லை. இப்போதெல்லாம் கொன்டெய்னருக்குத் தன் குழுவே மரத்தின் வேர் என்று காட்டுவதால், மேலே ஏறிப் பார்க்கவும் வழியில்லை.

இரண்டாம் பதிப்பு வேறொரு வேலையும் செய்தது. கோப்புகளின் பெயரும் இடமும் மாறின. எல்லையில்லாத குழுவுக்கு அந்த நீண்ட எண்ணுக்குப் பதில் 'மெக்ஸ்' என்ற சொல் வந்தது, அது நல்ல மாற்றம். ஆனால் பழைய இடத்தில் தேடக் கற்றுக்கொண்ட ஜாவா அங்கே எதையும் காணவில்லை. 2019இல் ஃபெடோரா 31, 2021இல் டெபியன் 11 என்று லினக்ஸ் வெளியீடுகள் ஒவ்வொன்றாக இரண்டாம் பதிப்புக்கு மாறின. சேவையகத்தைப் புதுப்பித்தவர்களின் பழைய ஜாவாக்கள் மறுபடி குருடாயின. கொன்டெய்னரில் எதையும் தொடாமலே, நேற்றுவரை ஓடிய சேவை 137இல் சாகத் தொடங்கியது. ஜாவா 15 இதை 2020இல் சரிசெய்துவிட்டது. ஜாவா 11இன் பயனாளர்கள் 2022 ஜூலை வரையும், ஜாவா 8ஐ விடாமல் பிடித்திருந்தவர்கள் 372ஆம் புதுப்பிப்பு வந்த 2023 ஏப்ரல் வரையும் காத்திருக்கவேண்டியிருந்தது.

மெம்இன்ஃபோவை மாற்றாமல் விட்டது சரியே என்று நினைக்கிறேன். கிணற்றின் ஆழத்தைச் சொல்லும் கோப்பு கிணற்றின் ஆழத்தைத்தான் சொல்லவேண்டும். ஆனால் எல்லையைப் போடும் வசதியைக் கொண்டுவந்த அன்றே, 'நான் எவ்வளவு வரை போகலாம்' என்ற ஒற்றைக் கேள்விக்குப் பதில் தரும் ஒற்றை இடத்தையும் கெர்னல் கொடுத்திருக்கவேண்டும். பதிப்பு மாறினாலும் மாறாத இடம், மேலேயுள்ள குழுக்களையும் கணக்கில் எடுத்துச் சொல்லும் இடம். அது இல்லாததால்தான் ஒவ்வொரு மொழியும், ஒவ்வொரு தரவுத்தளமும் தனித்தனியாக அந்த மூலையைத் தேடிக் கண்டுபிடித்து, தனித்தனியாகத் தவறு செய்து, தனித்தனியாகத் திருத்திக்கொண்டிருக்கின்றன. 2022 ஓகஸ்டில் வந்த கோ மொழியின் 1.19 பதிப்பு, நினைவக எல்லையை மதித்து நடக்கக் கற்றுக்கொண்டது. ஆனால் அந்த எல்லை எவ்வளவு என்பதை இன்னமும் நாம்தான் சூழல் மாறியில் எழுதிக் கொடுக்கவேண்டும்.

எண்ணைச் சொல்வதைவிட நெருக்கடியைச் சொல்வது மேல் என்ற சிந்தனை பின்னர் வலுப்பெற்றது. ஃபேஸ்புக்கில் இருந்த யோஹன்னஸ் வைனர் எழுதிய பிஎஸ்ஐ 2018 டிசம்பரில் 4.20 கெர்னலில் சேர்ந்தது. நினைவகத்துக்காகக் காத்திருந்தே ஒரு குழுவின் செய்நிரல்கள் எவ்வளவு நேரத்தை இழந்தன என்பதை அது சதவீதமாகச் சொல்கிறது. கடந்த 10 நொடி, 60 நொடி, 300 நொடி என்று மூன்று சராசரிகள் வரும். கோப்புப் பக்கங்கள் நிரம்பி எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் கொன்டெய்னரில் இந்த எண் 0ஆகவே இருக்கலாம், பயப்படத் தேவையில்லை. அது ஏறத் தொடங்கினால் உண்மையாகவே மூச்சு முட்டுகிறது என்று பொருள்.

சிறிய சேவையகத்தில் வேலை செய்பவர்கள் இன்றே செய்யக்கூடியவை சில. ஜாவா என்றால் பதிப்பைப் பாருங்கள். குவியலின் உச்சத்தைக் கொன்டெய்னர் எல்லையின் சதவீதமாக நீங்களே குறிப்பிடுங்கள். இயல்பான 25 சதவீதம் 512 மெகாபைட்டில் 128தான், மிகக் குறைவு. 100 சதவீதமும் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு இழைக்கும் அடுக்காக 1 மெகாபைட் வரையும், வகுப்புகளின் விபரங்களுக்கும் தொகுத்த குறிமுறைக்கும் தனியாகவும், குவியலுக்கு வெளியே இடம் வேண்டும். எல்லையை மட்டும் போடாமல், அதற்குச் சற்றுக் கீழே இரண்டாம் பதிப்பின் 'ஹை' அளவையும் போடுங்கள். அதைத் தாண்டும் செய்நிரலைக் கெர்னல் கொல்லாது, வேகத்தைக் குறைத்து இடத்தை விடுவிக்கவைக்கும். பிஎஸ்ஐ எண் ஏறுவதைக் கண்டு நீங்கள் தலையிட அந்த நேரம் போதும். அப்படியும் செத்துப்போனால், குழுவின் நிகழ்வுக் கோப்பில் 'ஓஓஎம் கில்' என்ற வரியின் எண் கூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உங்கள் செய்நிரலின் குறிமுறையைத் திறப்பது அதன் பிறகு.